பூட்டில்லாமல் சாத்திய கதவு

வேலையிலிருந்து நின்றதும் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. மத்தியானம் வெந்நீரில் குளித்து, தலையைத் துவட்டி, பால் விடாத கட்டங்காப்பி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கம்பளிக்குள் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். தேயிலைக் கொழுந்தெடுத்த காலமெல்லாம் நான் பட்ட ஆசை அவ்வளவுதான். பாக்டரிச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் தின்று வளர்ந்த உடம்பு இது. சங்கைக் காதில் வாங்காமல் படுத்துப் பார்க்க வேண்டும் என்று அதற்கும் இருக்காதா?

ஆனால் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் பகலில் கதவைச் சாத்த முடியாது. ஆள் வெளியே போனால் பூட்டுத் தொங்கும். ஆள் இருந்தால் கதவு திறந்து கிடக்கும். பூட்டும் இல்லாமல், திறந்தும் இல்லாமல் ஒரு கதவு இருந்தால் பார்க்கிறவர்கள் தாண்டிப் போக மாட்டார்கள். போன மழைக்காலத்திலிருந்துதான் இப்படி.

என் பக்கத்து வீட்டுக்காரி தனியாள். புருஷன் இல்லை, மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்தபடி எல்லாரிடமும் சொன்னாள்: "இன்னைக்கு நான் எனக்காகப் படுக்கப் போறேன். சாமியே வந்து நின்னாலும் கதவைத் தட்டப்படாது, சொல்லிப்புட்டேன்."

"படு மகராசி. சாமி வந்தா எங்க வீட்டுக்கு அனுப்பு, நிறையக் கேக்க வேண்டியிருக்கு" என்று யாரோ சொல்ல, குழாயடியே சிரித்தது.

லயம் முழுக்க ஆள் இருந்த நாள் அது. துணி துவைத்தோம், கறி வாங்கி வந்தோம், பிள்ளைகள் விளையாடினார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே கரண்டி விழுந்தால் அங்கே கேட்கும். அவள் தூங்கட்டும் என்று நான் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தேன். அவளுடைய முறை வந்தபோது யாரோ அவள் குடத்திலும் தண்ணீர் பிடித்து வாசலில் வைத்தார்கள். ஒருத்தரும் தட்டவில்லை. சொன்ன சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

விளக்கு வைக்கிற நேரத்திலும் கதவு திறக்காததால் ஆம்பிளைகள் தாழ்ப்பாளை உடைத்தார்கள். எஸ்டேட் டிஸ்பென்சரியிலிருந்து வந்த மலையாளத்து நர்ஸ் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உறக்கத்திலே போயிருக்கு. சேச்சிக்கு வேதனை ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். மத்தியானமே போயிருக்க வேண்டுமாம். நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்த நேரம்.

இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. சுவருக்கு மேலே அந்தப் பக்கத்திலிருந்து குளிர் இறங்கி வரும். என் வீட்டுக் குளிரைவிட அது வேறு மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "மலையில எல்லாக் குளிரும் ஒண்ணுதான்" என்பார். அவர் பகலெல்லாம் பாக்டரியில் இருக்கிறவர்.

வேலையிலிருந்து நின்ற முதல் நாள் நான் கதவைச் சாத்திப் படுத்தேன். தட்டினார்கள்.

"உள்ளதான இருக்கீக?"

"இருக்கேன்."

"அப்பச் சரி."

கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. அப்புறம் பாக்டரியிலிருந்து அவரே போன் பண்ணினார். "சும்மாதான். என்ன செய்யிற?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் சும்மா போன் பண்ணியதே கிடையாது. யாரும் தட்டாத நேரத்தில் எப்போது தட்டுவார்களோ என்று விழித்துக் கிடந்தேன். விழித்துக் கிடந்தால் காது சுவருக்கு மேலே போய்விடும்.

தட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் அது பக்கத்து வீட்டுக்காரி சொன்ன சொல்லாகவே வாயில் வந்து நின்றது. பல நாள் குழாயடிக்குப் போய்ச் சொல்லாமலே திரும்பினேன். கடைசியில் ஒரு நாள் சொல்லிவிட்டேன். "இன்னைக்கு மத்தியானம் கொஞ்சம் தூங்கணும். யாரும் தட்ட வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு மதினிதான், "சரி மதினி, தூங்கு" என்றாள். எனக்கு முன்பே வேலையிலிருந்து நின்றவள் அவள்.

அன்றைக்கு ஒருத்தரும் தட்டவில்லை. கம்பளிக்குள் படுத்தபடி கதவைப் பார்த்தேன். கீழ் இடுக்கில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் இரண்டு கால் வந்து நின்றது. தட்டவில்லை, கூப்பிடவில்லை. நின்றது. பக்கத்து வீட்டில் அன்றைக்கு இப்படி ஒரு கால் வந்து நின்றிருந்தால் என்று ஒரு நினைப்பு. இருமினேன். கால் நகர்ந்தது. மூச்சு நிதானப்பட்டு, கண் சொருகும் நேரம் பார்த்து மறுபடியும் வந்தது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். மஞ்சு புகையாய் இறங்கி எதிர் லயம் பாதிதான் தெரிந்தது. மதினி என் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, முறத்தில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் தட்டலையே" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"தட்டலை. ஏன் மதினி இந்தக் குளிர்ல?"

"அரிசி பொறுக்குறேன்."

"உன் வீட்டுல பொறுக்கக் கூடாதா?"

அவள் விரல் அரிசிக்குள் நின்றுவிட்டது. "அன்னைக்கும் நான் அவ வாசல்லதான் உக்காந்திருந்தேன். பிள்ளைக பந்தைத் தூக்கிட்டு வந்துச்சுக. அத்தை தூங்குது, அந்தப் பக்கம் போங்கன்னு வெரட்டி வெரட்டி விட்டேன். ஒரு பய கதவு மேல பந்தை அடிச்சிட்டான், அவன் முதுகுல ஒண்ணு வச்சேன். காவல் இருந்தேன் மதினி. எதுக்குக் காவல் இருந்தேன்னு பாத்துக்கோ."

"உன் மேல ஒண்ணும் இல்ல" என்றேன். அதை அவளிடம் எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

"போய்ப் படு. கதவைச் சாத்திக்கோ, குளிர் உள்ள போவுது. இங்க இருந்தா எனக்கு உன் மூச்சு கேக்குது."

உள்ளே வந்து, கதவைச் சாத்தி, படுத்தேன். வெளியே முறத்தில் அரிசி புரளும் சத்தம். அதுவும் நின்றது. என் மூச்சைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இனி வராது. வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து, தூங்குகிறவள் மாதிரி மூச்சை நன்றாக இழுத்து, சத்தமாக விட்டேன். ஒரு குறட்டை கூட விட்டேன்.

சற்றுப் பொறுத்து அரிசி புரண்டது. நான் விட்டுக்கொண்டே இருந்தேன்.