விரிசலை மறைத்த அலமாரி

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அந்த அம்மாவுக்கு ஊரில் 'அசையாதீங்க' என்றே பெயர். வருகிறவர்களிடமெல்லாம் "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் அவளைக் கண்டதும் வேண்டுமென்றே விறைத்து நிற்கும் குறும்புக்காரர்களும் உண்டு. சிரித்துவிட்டுப் போவாள். அந்த வருஷம் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் வீடு. கணவர் போனபின் பாதி அவளுக்கு, பாதி கொழுந்தனுக்கு என்றானது. ஊரின் முதல் தபால் நிலையம் அதன் முன்னறையில்தான் நடந்தது. கடிதம் போட வாசற்கதவில் வெட்டிய பித்தளை வாய் இன்னும் பளபளக்கிறது. உள்ளே வளைந்து ஏறும் மரப்படி. அதன் கைப்பிடி எத்தனையோ கைகள் பட்டு வழுவழுத்துப் போயிருந்தது.

கொழுந்தன் அதை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டரிடம் பேசியிருந்தான். பேராசைக்காரன் அல்ல, பயந்தவன். போன மழையில் மாடி முகப்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து, பெரியம்மாவைப் பார்க்க வந்த அவன் மகள் அப்போதுதான் நிறுத்திவிட்டுப் போன சைக்கிளின் மேல் விழுந்தது. சைக்கிள் உருத்தெரியாமல் நசுங்கியது.

"ஒரு துண்டு விழுந்ததுக்கு மொத்த வீட்டையுமா இடிப்பாங்க, தம்பி?"

"அந்த ஒரு துண்டு என் பொண்ணு தலையில விழுந்திருந்தா, அண்ணி?"

ஆனாலும் மறுநாளே நகராட்சிக்குப் போய், அதை மரபுக் கட்டடமாக அறிவிக்கச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டாள். அறிவித்துவிட்டால் வீட்டுக்காரர்களே நினைத்தாலும் முகப்பில் கைவைக்க முடியாது. அதற்கு முன் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். அவர் 'ஆபத்தானது' என்று எழுதினால் கதை முடிந்தது.

ஆபத்து இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. படிக்கட்டுச் சுவரில் கூரையிலிருந்து இறங்கிய ஒரு விரிசல் இருந்தது. முதலில் தலைமுடி அளவுதான். இப்போது நகம் நுழைந்தது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நேரே அங்கேதான் போவாள். தெருவில் லாரி போனால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அவள் மறுபடியும் போய் விரிசலில் நகத்தை வைத்துப் பார்ப்பாள்.

பொறியாளர் வரும் காலையில் அந்த அலமாரியைக் காலி செய்து, இடுப்பால் முட்டி முட்டி நகர்த்தி, விரிசலுக்கு முன்னால் நிறுத்தினாள். என் வீட்டு அலமாரியை எங்கே வைத்தால் யாருக்கென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வியர்வை மட்டும் அடங்கவில்லை.

பொறியாளர் ஒரு பெண். நிதானமாகப் பார்த்தார், கதவைத் தடவிப் பார்த்தார், படியேறி இறங்கினார். பங்குதாரன் என்பதால் கொழுந்தனும் கூடவே வந்தான். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அலமாரி அங்கே இருந்ததே இல்லை என்று தெரியாதா? அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவன் ஜெயித்துவிடலாம். ஏன் சொல்லாமல் நிற்கிறான்?

பொறியாளர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளுக்கு நசுங்கிய சைக்கிள் கண்முன் வந்து நின்றது.

"மேடம், கொஞ்சம் இருங்க. தம்பி, அந்தப் பக்கம் பிடிப்பா."

இருவரும் அலமாரியை நகர்த்தினார்கள். பொறியாளர் டார்ச் அடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எப்ப இருந்து இருக்கு?"

"ரொம்ப நாளா. போன மழைக்கப்புறம் பெருசாயிடுச்சு."

"இதை நான் எழுதியே ஆகணும்மா."

"எழுதுங்க."



பொறியாளர் அதோடு போய்விடவில்லை. வீட்டைச் சுற்றி வந்து, அந்தச் சுவருக்குப் பின்னால் தோண்டச் சொன்னார். மழைநீர்க் குழாய் உடைந்து, அஸ்திவாரத்தடி மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. சரிசெய்ய முடியும், ஆனால் தள்ளிப்போட முடியாது என்றார்.

நகராட்சிக் கூட்டத்தில் அறிக்கையைப் படித்துவிட்டு, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். கொழுந்தன் எழுந்தான். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள்.

"வேலை முடியற வரைக்கும் உள்ள யாரும் தங்கக் கூடாதுன்னு உத்தரவுல சேருங்க. எங்க அண்ணியும்தான். அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல."

சேர்த்தார்கள். வீடு மரபுக் கட்டடமானது. வெளியே வராந்தாவில் அவனை மடக்கினாள்.

"அன்னைக்கு அலமாரியைப் பார்த்தியே, ஏன் பேசல?"

"நீங்க சொல்றீங்களான்னு பார்த்தேன்."

"சொல்லலேன்னா?"

"நான் சொல்லியிருப்பேன், அண்ணி."

அவள் தலையாட்டினாள். கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரு வாடகை அறைக்குக் குடிபோனாள். குழாய் மாற்றி, அஸ்திவாரத்தைப் பலப்படுத்தி, விரிசலை அடைத்து முடிக்க வருஷம் ஓடிவிட்டது. அவள் திரும்பி வந்த அன்று கொழுந்தனும் வந்தான். ஒவ்வொரு படியிலும் நின்று, காலை ஊன்றி அழுத்திப் பார்த்து ஏறினான். மகளோ தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று கையசைத்தாள்.

"அவளையும் உள்ள கூப்பிடேன்பா."

"ஒரு மழை போகட்டும் அண்ணி," என்றான்.

அவள் வற்புறுத்தவில்லை. வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணோடு பேசத் தெருவைக் கடந்து போனாள்.