தண்ணீர் வற்றும்போது இறங்கினேன்

பினாங்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே, கடலுக்கடியில் ஒரு மணல்திட்டு படுத்திருக்கிறது. சின்னப் பாய்மரப் படகில் அதைக் கடக்கும்போது, திட்டில் வளர்ந்த கடற்புல் கண்ணாடிக்குக் கீழே அசைவது போலிருக்கும். ஒரு ஞாயிறு காலை அந்த அழகில் நேரத்தை மறந்தேன். தண்ணீர் வற்றி, படகு தரை தட்டி நின்றது. தள்ளிவிடலாமென்று இறங்கினேன். மணலென்று நினைத்தது சேறு! தொடைவரை இழுத்துக்கொண்டது. உதைக்க உதைக்க இன்னும் புதைந்தேன்.

அடுத்த படகில் வந்த தங்கமணி, பட்டர்வொர்த்தில் மாக் மண்டின் வட்டாரத் தொழிற்சாலையில் வேலை செய்பவள், கத்தினாள்: "அண்ணே, உதைக்காதீங்க லா! பாசார்ல மீன் கெடக்கிற மாதிரி படகு மேல நெஞ்ச வச்சுப் படுங்க!"

படுத்தேன்.

"இப்ப கால மெதுவா உருவுங்க. சப்பாத்து போனா போகட்டும்!"

ஒரு காலின் சப்பாத்தைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறினேன். அவள் தன் படகின் ஓரத்தில் உட்கார்ந்து, அடிப்பாகம் தரையில் உரசாதபடி அதை ஒருபக்கம் சாய்த்து, முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில் வழுக்கிக்கொண்டே போனாள். அதைப் பார்த்து நானும் சாய்த்தேன், என் படகும் நகர்ந்தது. கடலோடு அத்தனை இணக்கமாய் ஒருத்தி போவதை நான் அதுவரை கண்டதில்லை.

இப்போதெல்லாம் தண்ணீர் ஏறும் நேரத்தில்தான் அங்கே போகிறேன். தரை தட்டினாலும் இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தால் கடலே தூக்கிவிடுகிறது.