ஆறு தாள்கள்

அவர் சிஞ்ச்வட்டில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். குடியை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிதான் அவரை எங்கள் குடி மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பியிருந்தது. செவ்வாய்தோறும் வருபவர்களைக் கருவியில் ஊதச் சொல்லிக் குறித்துவைப்பது என் வேலை. மற்றவர்களிடம் மராத்தி பேசுவேன். அவரிடம் மட்டும் தமிழ்.

நரைத்த முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பார். வீட்டில் தமிழ்க் காலண்டர் மாட்டியிருந்தார். குடிக்காத நாளின் தாளை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்து என் மேசையில் அடுக்குவார். வாரத்துக்கு ஏழு தாள்.

ஒரு வாரம் ஆறுதான் இருந்தன. கருவி எதுவும் காட்டவில்லை.

“வெள்ளிக்கிழமை குடிச்சிட்டேன் தங்கச்சி. உங்ககிட்ட மறைக்கத் தோணல.”

“உண்மையைச் சொன்னீங்களே, அதுவே பெரிசுண்ணே” என்றேன்.

அவர் போனதும் விதிப்படி அதை அப்படியே படிவத்தில் எழுதி அனுப்பினேன். படிவம் கம்பெனிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் நான் சொன்னதில்லை.

அடுத்த செவ்வாய் அவர் உட்காரவில்லை.

“கிரேன்லேருந்து எறக்கிட்டாங்க மேடம். மிஷின் காட்டிக்குடுக்கல. உங்ககிட்ட தமிழ்ல சொன்னேன். நீங்க அதை இங்கிலீஷ்ல எழுதி அவங்களுக்கு அனுப்பிட்டீங்க.”

அவர் பையிலிருந்து தாள்களை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஏழும் இருந்தன. அந்த வாரத்தில் எப்படிக் குடிக்காமல் இருந்தார், அந்தத் தாள்களை ஏன் என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.