ஒரு சுள்ளியில் மிஞ்சிய கரும்புள்ளி

பூஞ்சைக் காப்பகத்தில் அவளுக்குச் சுள்ளியம்மா என்று பெயர். செத்த சுள்ளிகளில் குண்டூசித் தலை அளவுக்குப் புடைக்கும் கரும்பூஞ்சைகள்தான் அவள் பிழைப்பு. ஆயுசில் ஒரே ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்துப் பெயரிட்டாள். அந்தப் பெயரைக் கணவன், தன் மாமியார் பெயரைப் போல, பயபக்தியோடு சொல்வான்.

இப்போது யாரோ ஆய்விதழில் எழுதிவிட்டார்கள்: அது புதிதே அல்ல, ஊரெங்கும் கிடக்கும் பழைய பூஞ்சைதான், பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். மறுக்க வேண்டுமானால் மரபணுச் சாட்சி வேண்டும். அது கிடைத்த மரத்தைச் சாலைக்காக எப்போதோ வெட்டியாயிற்று. மிச்சம், உறையில் இருந்த அந்த ஒற்றைச் சுள்ளி. அதிலும் ஒரே ஒரு புள்ளி. வந்தவர்க்கெல்லாம் ஒவ்வொன்றாய் நசுக்கிக் காட்டியே மற்றதையெல்லாம் தீர்த்திருந்தாள். விருந்தோம்பலில் குறை வைத்தவளில்லை.

சிக்கல் அதுவல்ல. பழைய பூஞ்சையும் அதே சுள்ளியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. நசுக்கி வித்துகளைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். நசுக்கினால் சோதனைக்கு மிஞ்சாது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

பாதியைப் பார்த்துவிட்டு மீதியைத் தரட்டுமா என்று மேல்மாடி மரபணுக்காரனிடம் கெஞ்சினாள்.

"பழைய சரக்கு அக்கா. முழுசாக் குடுத்தாலே மரபணு வருமான்னு சந்தேகம்."

கண்ணே போதும், இயந்திரம் எதற்கு என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவள், கண்ணால் பாராமலே அதைச் சுரண்டிக் குழாயில் போட்டாள். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. "பரீட்சை எழுதினது அந்தப் பூஞ்சைதானே, நீ ஏன் பட்டினி கிடக்கிறே?" என்றான் கணவன். அவள் சிரிக்கவில்லை.

முடிவோடு மரபணுக்காரனே இறங்கி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பழசுதான்க்கா. அச்சு அசல்."

அவள் சுள்ளியின் உறையை எடுத்து மேசையில் நேராக வைத்தாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. "ஆனா நீங்க குடுத்தது உங்களோடதுதானா? பக்கத்து வீட்டுக்காரனைக் குடுத்திருந்தா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானேப்பா உன்கிட்ட குடுத்தேன்."

அவன் போனபின், இன்னொரு புள்ளி மிஞ்சியிருக்குமோ என்று சுள்ளியை மறுபடி நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். பட்டையின் செதில், பூச்சி எச்சம், ஒட்டிய தூசி, எல்லாமே புள்ளியாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் ஊசியால் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் உதிர்ந்தது.