அப்பாவின் ரிங்டோன்

அக்காவும் காட்டாங்குளத்தூர் கல்லூரியில் அவளோடு படித்த மூன்று பெண்களும் சேர்ந்து பாடிய முதல் பாட்டு, சேலையூரில் எங்கள் வீட்டுப் பீரோவுக்குள் பதிவானது. சும்மா சொல்லவில்லை. அம்மாவின் புடவைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டால் எதிரொலி வராதாம். சத்தம் வரக்கூடாதென்று ஃபேனையும் அணைத்துவிட்டார்கள். பாட்டு முடிவதற்குள் வீடே வியர்வையில் குளித்துவிட்டது.

தினமும் தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது பாடிப் பழகியதால், குழுவுக்கு 'நாலாம் நடைமேடை' என்று பெயர் வைத்தார்கள். பாட்டு, ரயிலைத் தவறவிட்ட ஒரு பெண்ணைப் பற்றியது. 'கொஞ்சம் நில்லு ரயிலே, நானும் வரேன்' என்ற முதல் வரியை அக்கா தனியாக உச்சத்தில் எடுப்பாள். பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

அப்பா பாட்டுக்கு விரோதி இல்லை. "பாடட்டும், யாரு வேணாம்னா? வீடியோவுல மூஞ்சி வரக்கூடாது, மேடை ஏறக்கூடாது. நாளைக்குப் பொண்ணு பாக்க நாலு பேர் வரணும்ல" என்றார். அக்கா "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. வீடியோவில் மூன்று பேர் நின்றார்கள். அக்காவின் வரிக்கு நெட்டையான ஒருத்தி வாயசைத்தாள்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. ஷேர் ஆட்டோவில், மாடம்பாக்கம் டீக்கடையில், என் பள்ளி வேனில் என்று எங்கே போனாலும் அக்காவின் குரல்தான். நான் அப்போது நான்காம் வகுப்பு. அது எங்கள் அக்கா என்று வகுப்பில் சொன்னேன். "போடி புளுகுமூட்டை! வீடியோவுல உங்க அக்கா எங்கடி இருக்கா?" என்று சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அக்காவுக்கு எரிந்ததாகத் தெரியவில்லை. அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் போனில் அக்கா பாடும் அந்த முதல் வரியை ரிங்டோனாக வைத்ததும் நான்தான். "இதை எப்படி மாத்தறதுன்னே தெரியல" என்று எல்லாரிடமும் அலுத்துக்கொண்டார். அலுவலகத்தில் ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவருக்கு இது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

அந்த வருஷம் எங்கள் காலனிப் பொங்கல் விழாவுக்கு அந்த மூன்று பெண்களையும் அழைத்திருந்தார்கள். சங்கச் செயலாளர் என்பதால் அப்பா முதல் வரிசையில் இருந்தார். அக்கா அம்மாவோடு கடைசி வரிசையில். பாட்டு ஒரு போனிலிருந்து ஒயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போனது. மூவரும் மைக்கைப் பிடித்து வாயசைத்தார்கள். பாட்டு நின்றால் அக்கா எழுந்து பாடித்தானே ஆகவேண்டும்? அப்போது இந்த ஊருக்கே தெரிந்துவிடும். மேடை ஓரமாகப் போய் அந்த ஒயரை உருவிவிட்டேன்.

மைக்கில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. நெட்டைக்காரியின் வாய் திறந்தபடியே நின்றது. பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். "அட, எல்லாம் டுபாக்கூரா?" என்றது ஒரு குரல். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து மடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் போன் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பாட்டு எழுந்தது. 'கொஞ்சம் நில்லு ரயிலே, நானும் வரேன்.' கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா தடுமாறிப் போனை எடுத்துக் கட் செய்தார். உடனே மறுபடி அடித்தது. இந்த முறை போன் திரையைப் பார்த்தார், கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கட் செய்யவில்லை. போனைக் கையில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் குரல் முழு வரியையும் பாடியது. அதிலிருந்து சுருதியைப் பிடித்துக்கொண்டு நெட்டைக்காரி நடுங்கும் குரலில் எடுத்தாள். மற்ற இருவரும் சேர்ந்துகொள்ள, சொந்தக் குரலிலேயே பாடி முடித்தார்கள். நல்ல கைதட்டல். எனக்கு வீட்டில் முதுகில் இரண்டு விழுந்தது.

எந்தப் புண்ணியவானோ சரியான நேரத்தில் போன் செய்து அவர்களைக் காப்பாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விளையாடுவதற்காக அப்பாவின் போனை எடுத்தபோது, அதில் 'பெரியவள்' என்ற பெயரில் இரண்டு அழைப்புகள் இருந்தன. கை தவறிப் பட்டிருக்கும்.

"அப்பா, அக்கா மிஸ்டு கால் ரெண்டு இருக்கு. அழிச்சுடவா?"

பேப்பரிலிருந்து அவர் தலை நிமிரவில்லை. "வேணாம், இருக்கட்டும்" என்றார்.

மிஸ்டு காலைப் போய் யாராவது பத்திரப்படுத்துவார்களா என்று நினைத்தபடி விளையாட்டைத் திறந்தேன்.