மடு மண்ணும் எகிப்தியத் தாயத்தும்

போன சனிக்கிழமை லண்டன் நடுவிலிருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். உல்லாசத்துக்கல்ல, ஒருவரின் வாயை அடைக்க. மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் மனைவி மனோர் பார்க் முருகன் கோயிலில் நூல் வாங்கித் தன் கையில் கட்டினாள். மகள் தேறிவிட்டாள், தாய் நூலைக் கழற்றவில்லை. அதற்காக அவளை எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்திவிட்டார் குழுத் தலைவர். அவளுடைய சொந்த அண்ணன்! கலியாணத்துக்கு முன்பிருந்தே அங்கே பாடுகிறவள் அவள்.

அந்த மச்சானைத்தான் கூட்டிப்போனேன். மனோர் பார்க்கிலிருந்து எலிசபெத் லைன் ரயிலில் டொட்டன்ஹாம் கோர்ட் ரோடு வரை இருபது நிமிடம் சொச்சம், பிறகு பத்து நிமிட நடை. அனுமதி இலவசம். வாசலில் பைகளைச் சோதிக்கிறார்கள். மச்சானின் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் காவலாளி முகர்ந்து பார்த்தார்.

"சொயில். ஹோலி சொயில்," என்றார் மச்சான், வியர்த்தபடி.

எங்கள் ஊர்ப்பக்கத்து மடு மாதா கோயில் மண். பாம்புக் கடியிலிருந்து காக்கும் என்று மன்னார்க்காரர் வைத்திருப்பது. லண்டனில் இவரை எந்தப் பாம்பு தேடி வருகிறதோ!

எகிப்திய அறைகள் மேல்மாடியில். நான் தேடிய பப்பைரஸ் நாணல்தாள் துண்டு உள்ளங்கை அளவுதான். மடித்து உடம்பில் கட்டிய தடம் தெரிகிறது. தேள் தீண்டாதிருக்க ஆதிக் கிறிஸ்தவர் ஒருவர் வைத்திருந்த தாயத்து.

"பாரும் மச்சான். சிலுவையும் இருக்கு, பழைய எகிப்துக் கடவுளின்ர பேரும் இருக்கு. பயந்தவன் ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறான்."

"அது அறியாத காலம்."

"உம்மட பொட்டலம்?"

"அது மாதாவின்ர மண். விளையாடாதையும்."

"அப்ப என்ர மனிசியின்ர நூல்?"

மச்சான் கண்ணாடிப் பெட்டியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கே என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தனீர்? தங்கச்சி அதைக் கழட்டட்டும். அடுத்த கிழமையே பாடலாம்."

பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பையில் எறிய நினைத்தேன். எறியவில்லை. அதையும் யாரோ பயத்தில்தான் முடிந்து கொடுத்திருப்பார்கள்.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், வரிசை குறைவு. பெரிய மம்மிகளின் முன்னால் கூட்டம் முட்டும். இந்தத் துண்டின் முன்னால் யாரும் நிற்பதில்லை. யாரையும் திருத்தலாம் என்ற நினைப்பில் மட்டும் போகாதீர்கள்.

மறுநாள் பூசையில் மனைவி கடைசி வாங்கு வரிசையில் நின்றாள், கையில் நூலோடு. பாட்டுத் தொடங்கியது. அவளும் தொடங்கினாள். இரண்டாவது அடியில் முன்வரிசைக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் திரும்பவில்லை. அவருடைய குழு அவளுடைய சுருதிக்கு வந்துவிட்டிருந்தது.