உப்பு ஸ்டோரின் கதவுகள்

புத்தளம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய உப்பு ஸ்டோர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காலத்தில் வாசலிலிருந்தே மூட்டைகளை ரயில் பெட்டிக்குள் ஏற்றினார்களாம். இப்போது அந்தத் தண்டவாளத்தில் ஆடுகள் படுத்திருக்கின்றன. கடைசி ஸ்டோரை ஸுஹைரா வாடகைக்கு எடுத்தபோது ஊரே சிரித்தது. உப்பு வைத்த இடத்தில் வெங்காயமா? சிரிக்கட்டுமே! புருஷன் மௌத்தான பிறகு அவளுக்குச் சோறு போட்டது இந்தச் சிரிப்பா?

ஆனால் முதல் பருவத்திலேயே அடி விழுந்தது. எத்தாளைத் தோட்டத்திலிருந்து வந்த வெங்காயத்தில் பாதி அழுகிப்போனது. ஸுஹைரா உப்புக்காரர் வீட்டுப் பிள்ளை. வானம் கறுத்தால் போதும், கை தானாகப் போய்க் கதவைச் சாத்திவிடும். உப்புக்கு அது சரி. வெங்காயத்துக்கோ காற்று வேண்டும். அது அவளுக்கும் தெரியும், கைதான் கேட்கவில்லை.

அந்த வெங்காயத்தை அனுப்பிய தோட்டக்காரன் ஹில்மி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"ராத்தா, இன்னொரு தரம் இப்பிடி நடந்தா தம்புள்ளைச் சந்தைக்குத்தான் அனுப்புவன். கோவிக்க வாணாம்."

"அனுப்ப மாட்டீங்க தம்பி, பாருங்களேன்," என்றாள் ஸுஹைரா. ஹில்மியின் வெங்காயம் இல்லையென்றால் ஸ்டோரும் இல்லை.

அடுத்த பருவத்துக்கு முன்னால் சாரல் உள்ளே அடிக்காதபடி வாசலில் தென்னங்கிடுகால் நீளமாகத் தாழ்வாரம் இறக்கினாள். பிறகு தச்சனைக் கூப்பிட்டாள். எதற்கென்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெங்காயம் வந்து இறங்கிய வாரமே மழை பிடித்துக்கொண்டது. அதே ஸ்டோரில் உப்பு மூட்டை சுமந்து முதுகு வளைந்த அவளுடைய வாப்பா இப்றாஹிம், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மகள், கதவச் சாத்துங்க! மழை!"

வாசலின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். கதவு தொங்கிய துருப்பிடித்த பிணைச்சல்கள்தான் கையில் பட்டன.

"யா அல்லாஹ்! கதவு எங்க?"

ஸுஹைரா உள்ளே கையைக் காட்டினாள். இரண்டு கதவுகளும் பலகை பலகையாகப் பிரிந்து, இடைவெளி விட்டுக் கற்களின் மேல் கிடந்தன. அவற்றின் மேல் வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது.

"கள்ளன் வந்தா?"

"ராவைக்குக் கம்பிக் கேட் பூட்டுவன். காத்து போகும்."

"அதுக்காகக் கதவையே கழட்டுறதா?"

"என்ட கைய நம்பேலா வாப்பா. கதவு இருந்தா சாத்திருவன்."

மழை விட்ட பிறகு ஹில்மி வந்தான். ஒரு பிடி வெங்காயத்தை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"அடுத்த லொறியும் வரும், ராத்தா. ஆனா எங்க வெக்கிறது? பலகை நிறைஞ்சி போச்சே."

ஸுஹைரா வாப்பாவைப் பார்த்தாள்.

"ஏன், எங்கட வீட்டிலயும் கதவு இருக்குதானே?"